கிழக்கே பாதிக

வேலூர்
20.1.2024

அன்புத் தங்கை சுஜாதாவுக்கு அண்ணன் எல்லப்பன் எழுதுவது.

உடம்பு சுகம். மனதைப் பற்றி விசாரிக்காதே, அதற்கு இங்கே மருந்து கிடையாது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குந்திக்கொண்டிருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்.

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. நாலு வருஷம் என்றால் நாலு வருஷம்தான். என்னைத் தோல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். போலீஸ்காரர்களுக்குப் பூட்ஸ் தைக்கிறேன். என்னைப் பிடித்துவந்தவர் காலுக்கும் ஒருநாள் நான் தைத்த ஜோடி போய்ச் சேரும்.

போனில் பேச விடுகிறார்கள், அந்தச் சில நிமிடம் உன் அண்ணி ரஞ்சிதத்துக்கே போதவில்லை. ஆகவே உனக்குக் கடிதம். இதை இங்கே ஒரு அதிகாரி படித்துப் பார்த்து முத்திரை குத்தித்தான் அனுப்புவார். நீ எழுதுவதையும் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார். அதனால் ஒப்பாரி எல்லாம் வைக்காதே, அந்த மனிதர் பாவம்.

உன்னால் ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வேணுவை நான் அடித்தேன். கோர்ட்டிலும் இல்லை என்று சொல்லவில்லை. கடப்பாரை முனை பட்டு அவனுக்கு ஒரு கண் போனது. ஆனால் ஏன் அடித்தேன் என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை. நம் கழனியில் கிழக்கு ஓரமாகக் கால் பங்கு வேணு வீட்டுக்கு, முக்கால் நமக்கு. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் இரண்டு வீடும் உழுதது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் அவன் ஒரு தனியார் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் எடுத்த புலப்படத்தோடு வந்து, கழனியின் நட்டநடுவில் கல் நட்டான். என் வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நட்டான். கேட்டதற்கு, "படத்துல கோடு நடுவுல கீது. படத்துல இன்னா கீதோ அதான் ரைட்டு" என்றான். யாருக்கோ காசைக் கொடுத்துக் கோட்டை நகர்த்தியிருக்கிறான்.

நீ இந்தப் படம் போடுகிற வேலையில்தானே இருக்கிறாய். அந்தக் கோடு நடுவுக்கு எப்படி வந்தது என்று பார். பழைய இடத்துக்கு அதைக் கொண்டுபோய் வை. நான் வெளியே வரும்போது என் கழனி என் கழனியாக இருக்க வேண்டும். உன்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

ரஞ்சிதம் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு எட்டு போய்ப் பார்.

இப்படிக்கு
அண்ணன் எல்லப்பன்

•

திருத்தணி
3.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு சுஜாதா வணங்கி எழுதுவது.

இடுப்பு வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். தைக் கிருத்திகைக்கு மலையேறி உன் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் உன் நட்சத்திரம் கேட்டார். தெரியவில்லை. என்னுடையதைச் சொல்லிவிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

அண்ணியைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டார். அதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

நீ செய்தது தவறுதான் அண்ணா. ஒரு கோட்டுக்காக ஒரு மனிதனின் கண்ணை எடுப்பார்களா? நான் சின்னவள், இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என் வேலையைப் பற்றி நீ இதுவரை கேட்டதே இல்லை, அதனால் சொல்கிறேன். நம் பக்கத்து ஊர்களின் பழைய புலப்படங்கள் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்த காலத்தவை. ஓரத்தில் இருக்கும் குறிப்பெல்லாம் தெலுங்கு. அதுவும் ஊர்க் கணக்குப்பிள்ளை கர்ணத்தின் கிறுக்கல், இந்தக் காலத்துத் தெலுங்குப் பிள்ளைகளாலேயே படிக்க முடியாது. எங்கள் கம்பெனியில் அதற்கென்றே நகரியிலிருந்து ஒரு பெரியவரை வைத்திருந்தார்கள். அவர் தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு உரக்க வாசிப்பார். நாங்கள் காதில் விழுவதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் கோடு போடுவோம். தாளில் அளவு இருந்தால் அளவுப்படி. சில உட்பிரிவுகளை அளக்காமல் வாய்வார்த்தையாக மட்டும் எழுதிவைத்திருப்பார்கள். அதற்கு அந்த வார்த்தைதான் அளவு. எங்கள் திரையில் யார் பெயரும் வராது, எண் மட்டும்தான் வரும். எது யார் நிலம் என்று எங்களுக்கே தெரியாது.

சேரும்போது தெலுங்கு தெரியுமா என்று கேட்டார்கள். மற்ற எல்லாரும் தெலுங்கு பேசி வளர்ந்த பிள்ளைகள். நைனா பேசிக் கேட்டதை நம்பி, "ஆங், தெரியும்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக அதுவே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது செயற்கைக்கோளை வைத்து அளக்கிற புது சர்வே வரப்போகிறது. ஊர் ஊராக அளந்து அனுப்புவார்கள். பழைய கோட்டை எடுத்துவிட்டுப் புதுக் கோட்டைப் போடுவது எங்கள் வேலை. தவறாக இருப்பதெல்லாம் அப்போது சரியாகிவிடும். உன் சர்வே நம்பரை எழுது. எவன் காசு வாங்கினான் என்று நான் கண்டுபிடிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை
சுஜாதா

•

வேலூர்
18.2.2024

அன்புத் தங்கைக்கு அண்ணன்.

உன் கடிதம் வந்ததும் மனது கொஞ்சம் லேசானது. மாட்டைப் பற்றி ரஞ்சிதத்திடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

நம்பர் 84/2. விவரத்தையும் சொல்கிறேன். நம் தாத்தா கிணறு வெட்டியபோது பாறை வந்துவிட்டது. வேணுவின் தாத்தா கூட நின்று, கூலி வாங்காமல், தண்ணீர் கண்ட பிறகுதான் மேலே ஏறினார். அதற்காக நம் தாத்தா கொடுத்தது அந்தப் பங்கு. அளந்து பார்க்கவில்லை. கர்ணம் படத்தின் ஓரத்தில் தெலுங்கில் ஒரு வரி எழுதினார். நைனா அதை வாய்ப்பாடாகச் சொல்வார்: "தூர்ப்பு பக்க பாதிக." கிழக்குப் பக்கம் பாதிக. அவ்வளவுதான்.

பாதிக என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? ஊரே சிரித்த கதை ஆயிற்றே. அம்மா போன பிறகு உன்னை அரக்கோணத்துச் சின்னம்மா தூக்கிக்கொண்டு போனாள். அங்கே தெலுங்கு பேச நாதி இல்லை. லீவுக்கு வந்திருந்தாய். நைனா வேர்க்கடலைக் கூடையை உன் இடுப்பில் வைத்து, வேணு வீட்டில் பாதிக கொடுத்துவிட்டு வா என்றார். நீ கூடையில் பாதியைக் கொட்டிவிட்டு வந்து நின்றாய். பாதிக என்றால் கால் பங்கு என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நைனா சிரித்துக்கொண்டே, "போட்டும் போ, பாதிகக்கும் பாதிக்கும் நடுவுல என் பொண்ணு நின்னுகினு கீறா" என்றார். அன்றிலிருந்து வேணு அம்மா உன்னைப் பாதி சுஜா என்றுதானே கூப்பிடுவாள். அந்த வீட்டுக்காரனே இன்று பாதியைக் கேட்டுக் கல் நட்டான் பார். பழகிவிட்டது போலும்.

எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவன் என்ன என்று கேட்டான். சொன்னேன், அவனும் சிரித்தான்.

படத்தைப் பார்த்துவிட்டு உடனே எழுது.

அண்ணன்
எல்லப்பன்

•

திருத்தணி
6.5.2024

அன்புள்ள அண்ணாவுக்கு சுஜாதா எழுதுவது.

நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்குக் கோபப்படாதே. வேலை அதிகம். நடுவில் காய்ச்சல் வேறு. வெயில் தாங்கவில்லை. மலைக் குரங்குகள்கூடக் குழாயடிக்கு இறங்கி வந்துவிடுகின்றன. இரண்டு துண்டும் ஒரு சோப்புப் பெட்டியும் அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை மனு போட்டு உன்னைப் பார்க்க வரும்போது கொண்டுவருவார். ஊறுகாய் வாங்கினேன், உள்ளே விட மாட்டார்கள் என்றார்கள். பக்கத்து அறை மோனிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அம்மையார்குப்பம், விசைத்தறி சொந்தமாக வைத்திருக்கிறார்கள்.

84/2 பார்த்தேன். பழைய தாள் தெளிவாக இல்லை. ஓரம் மடிந்திருக்கிறது. புது சர்வே வரட்டும், அதில் எல்லாம் சரியாகும்.

வேணுவைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்காதே. உடம்பைப் பார்.

சுஜாதா

•

வேலூர்
25.5.2024

தங்கை சுஜாதாவுக்கு அண்ணன்.

சுகம். காய்ச்சல் விட்டதா? கஞ்சி வைத்துக் குடி, ஓட்டல் இட்லியை வாங்கி விழுங்காதே.

மோனிகாவின் கல்யாணமும் குரங்கும் எனக்கு எதற்கு? நான் கேட்டது ஒன்று. தாளின் ஓரம் மடிந்திருந்தால் நிமிர்த்திப் பார்க்கக் கூடாதா? எழுத்து புரியவில்லை என்றால் அந்த நகரிப் பெரியவர் எதற்கு இருக்கிறார்? அவரிடம் கொடு. தூர்ப்பு, பாதிக, இரண்டே வார்த்தை. அவர் வாசிப்பார்.

புது சர்வேயில் சரியாகும் என்கிறாய். எனக்கு அதில்தான் பயம். பக்கத்து ஊரில், பெருந்தெருவில் போன மாதம் அளந்தார்களாம். ரஞ்சிதம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நட்டிருக்கிற கல்லின் மேல் கருவி பொருத்திய கம்பை நிறுத்தித்தான் அளக்கிறார்களாம். அங்கே இப்போது நட்டிருப்பது எவன் கல்? வேணு கல். அதை மேலேயிருந்து அளந்தால் என்ன, கீழேயிருந்து அளந்தால் என்ன? அவர்கள் வருவதற்கு முன் பழைய கோட்டை எடுத்து முன்னால் வை.

இங்கே நாங்கள் பூட்ஸுக்குத் தோல் வெட்டும்போது ஒரு அச்சு கொடுப்பார்கள். அச்சு தப்பாக இருந்தால் அத்தனை ஜோடியும் தப்பு. அச்சைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். உன் கம்பெனியில் சொல்ல மாட்டார்களா?

எல்லப்பன்

•

திருத்தணி
2.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. ரயிலில் இறங்குகிற காவடிகளுக்கு நடுவில் புகுந்துதான் ஆபீஸ் போய்வருகிறேன். போன மாதம் நம் ஊரை அளந்தார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஒரு சர்வேயரும் கம்பு பிடிக்க ஒருவரும் வந்தார்கள். அண்ணி வரப்பில் குறுக்கே நின்றுகொண்டார். "இன்னாங்க இது? எங்க வரப்பு அந்தப் பனமரத்தாண்ட இருந்துச்சு. இந்தக் கல்லு நேத்து வந்த கல்லுங்க. இதும்மேல கம்பு வெச்சா எப்டிங்க?" என்று கேட்டார்.

சர்வேயர் சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "நான் இன்னாம்மா பண்றது? பழைய படத்துலயும் கோடு நடுவுல கீது, கல்லும் நடுவுல கீது. ரெண்டும் ஒத்துப்போவுது. நான் வேற எங்க வெக்கறது?"

வேணு கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். "எனுக்கு சண்ட வேணாம்மா. படத்துல எனக்குப் பாதின்னு போட்டுருந்துச்சு. அட, நம்ம பெரிசுங்களுக்கே தெரியாம இருந்துச்சே, கவர்மெண்டு படமே சொல்லுதேன்னு கேட்டேன். அது தப்பா சொல்லு? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு" என்றார். நான் கம்பு பிடிக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்பு கல்லின் மேலேயே நின்றது. பீப் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அண்ணி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் வழி இருக்கிறது, மனதைத் தளரவிடாதே. ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் மனு கொடுக்கலாம். பழைய தாளில் இருப்பது வேறு, கம்ப்யூட்டரில் போட்டது வேறு என்று எங்கள் கம்பெனி எழுதிக்கொடுத்தால் திரும்ப வந்து அளப்பார்கள். யார் போட்டது, எப்படித் தவறியது என்றும் எழுத வேண்டும். மேனேஜர் முரளிதரன் சாரிடம் பேசிப் பார்க்கிறேன். நகரிப் பெரியவர் இப்போது வருவதில்லை, கண் புரை. என்னை மேற்பார்வைக்குப் போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. இன்னும் முடிவாகவில்லை.

உடம்பைக் கவனி.

சுஜாதா

•

வேலூர்
14.8.2024

என் அன்புத் தங்கை சுஜாவுக்கு அண்ணன் எழுதுவது.

நீ லீவு போட்டுப் போய் நின்றாய் என்று ரஞ்சிதமும் சொன்னாள். கூடப் பிறந்தவள் கூடப் பிறந்தவள்தான். மேற்பார்வை வேலை கிடைக்கட்டும். வெளியே வந்ததும் உனக்கு நானே ஒரு ஜோடி செருப்பு தைத்துத் தருகிறேன். கை பழகிவிட்டது.

வேணுவின் நடிப்பைப் பார்த்தாயா? கவர்மெண்டு படமே சொல்லுதாம். கண்ணாடி போட்டால் யோக்கியன் ஆகிவிடுவானா? போன வாரம் இங்கே சமரசம் பேச ஒரு வக்கீலம்மா வந்தார். வேணுவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடு, நன்னடத்தையில் கொஞ்சம் குறைய வாய்ப்பு உண்டு என்றார். முடியாது என்றேன். காசு கொடுத்துக் கோட்டை நகர்த்தியவனிடம் நான் மன்னிப்புக் கேட்பதா? இன்னொரு வருஷம் சேர்த்துக் கொடுங்கள், இருக்கிறேன் என்றேன்.

ரஞ்சிதம் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டாள். ஆதாரம் எங்கே என்கிறார்களாம். ஆதாரம் உன் கம்பெனியில் இருக்கிறது. அந்த எழுத்தை மட்டும் வாங்கிக் கொடு.

எனக்கு இன்னொன்றும் வேண்டும். அந்தப் படத்தைப் போட்டவன் எவன் என்று கண்டுபிடி. பேர் மட்டும் போதும். வேணு என் எதிரே நின்றான், அடி வாங்கினான். இவன் எங்கோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு என் வாழ்க்கையை இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெளியே வந்ததும் கோடு போட்ட அந்தக் கையை உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். இதைப் படிக்கிற அதிகாரி ஐயா மன்னிக்கவும், கோபத்தில் எழுதியது.

இடுப்பு வலிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு.

அண்ணன்
எல்லப்பன்

•

வேலூர்
10.9.2024

சுஜாதாவுக்கு அண்ணன்.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆதாரம் கொடுக்கத் தந்த ஒரு மாதம் முடியப்போகிறது என்று ரஞ்சிதம் அழுகிறாள். உன் அறைக்கு வந்தாளாம், பூட்டியிருந்ததாம். ஆபீசுக்குப் போனாளாம், மீட்டிங் என்றார்களாம். உடம்பு சரியில்லையா? அதையாவது எழுது.

நான் அந்தப் பேரைக் கேட்டதால் பயந்துவிட்டாயா? பேர் வேண்டாம். எழுத்தை மட்டும் வாங்கிக் கொடு.

எல்லப்பன்

•

திருத்தணி
12.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு சுஜாதா வணங்கி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.

மனுவுக்கான நாள் முடிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து எழுத்து வாங்குவது நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. முரளிதரன் சார் ஊரில் இல்லை, பிறகு தணிக்கை வந்தது, பிறகு ஏதேதோ. 84/2க்குப் புது அளவு வந்துவிட்டது. என் மேஜைக்குத்தான் வந்தது. பழைய கோட்டை எடுத்துவிட்டுப் புதுக் கோட்டை நானேதான் போட்டேன். நான் போடாவிட்டால் இன்னொருவர் போட்டிருப்பார். விரற்கடை அளவுகூடப் பிசகில்லை. அவ்வளவு துல்லியமான கருவி.

மேற்பார்வை வேலை கிடைத்துவிட்டது. மாதாமாதம் அண்ணிக்கு ஏதாவது அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவர் என்னிடம் பேசுவதில்லை. நீ சொன்னால் வாங்கிக்கொள்வார்.

அந்தப் பழைய படத்தைப் போட்டவரைத் திட்டாதே அண்ணா. அவர் காசு வாங்கியிருக்க மாட்டார். அது பல கை மாறிய வேலை. நாளெல்லாம் ஒருவர் வாசித்துக்கொண்டே இருக்க, கேட்டுக் கேட்டுப் போடுகிறவர்களுக்குப் பாதியும் பாதிகவும் ஒன்றாகத்தான் கேட்கும். அவருக்கே தெரியாமல் நடந்திருக்கும். தெரியவந்த பிறகு அவர் எத்தனை நாள் தூங்கவில்லையோ, யாருக்குத் தெரியும்.

எப்படியாவது மறந்துவிடு. உடம்புதான் முக்கியம்.

உன் தங்கை
சுஜாதா

•

வேலூர்
9.11.2024

சுஜாதாவுக்கு எல்லப்பன் எழுதுவது.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது, படித்துப் பார்க்கிற அந்த அதிகாரி சிரித்தார். அவருக்குப் பூர்வீகம் சித்தூர்ப் பக்கம். "யார்ரா எல்லப்பா அது, பாதிகவும் பாதியும் ஒன்னா கேக்கும்னு எழுதிக்கினு கீறது? எங்க வூட்டுக் கொயந்தய கேட்டாகூட பாதிகன்னா காலுன்னு சொல்லுமே" என்றார். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

ரஞ்சிதம் மனு பார்க்க வந்தாள். உன் ஆபீசில் இருக்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டேன். "நகரி, புத்தூரு, பள்ளிப்பட்டு. வாசல்ல நின்னேன் இல்ல, எல்லாம் தெலுங்குலதான் பேசிக்கினு போச்சுங்க" என்றாள். முதல் கடிதத்தில் நீயே எழுதியதுதான், நான்தான் கவனிக்கவில்லை. அவர்களில் ஒருத்தரும் பாதிகவைப் பாதி என்று போட மாட்டார்கள். ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாதவளாக இருந்தால், என்னங்க அது என்று திருப்பிக் கேட்டிருப்பாள். இந்தத் தவறைச் செய்வதற்குக் காதில் தெலுங்கு விழுந்திருக்க வேண்டும், வாயில் வந்திருக்கக் கூடாது, தெரியும் என்று வேறு சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். அவள் இடுப்பில் கூடையை வைத்து அனுப்பியபோது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நீ வேண்டுமென்று போட்டாய் என்று நான் நினைக்கவில்லை. திரையில் பெயர் வராது, எண்தான் வரும் என்றாய். நம்புகிறேன். தெரியாமல் போட்ட கோட்டுக்கு உன்னை நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் பிப்ரவரியில் என் நம்பர் உன் கைக்கு வந்தது. நானே பாதிக கதையையும் எழுதி, சிரித்து, கூடவே அனுப்பினேன். அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த துண்டும், சோப்புப் பெட்டியும், குரங்கும், காய்ச்சலும் தெரிந்தே வந்தவை. வேணு உன் முகத்துக்கு நேரே, நீயே சொல்லு என்று கேட்டபோது தெரிந்தே நின்றாய். கடைசியில் அதே கோட்டைத் தெரிந்தே இரண்டாம் தடவை போட்டாய், விரற்கடை பிசகாமல்.

வேணு யாருக்கும் காசு கொடுக்கவில்லை. அவன் கையில் இருந்தது நீ போட்ட படம். அதை அவன் நம்பினான். நம்பியதற்கு நான் அவன் கண்ணை எடுத்தேன். எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று இங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடிப்பு என்றேன். நீ அதையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தாய். உன் ஒரு வரியில் நான் அவன் காலில் விழுந்திருப்பேன். நிலம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. அவனுக்கு எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்பது உனக்கு வேண்டாம்.

ரஞ்சிதத்திடம் சொல்லவில்லை. சொன்னால் உன் ஆபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். உன் பணத்தை வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டாள். உள்ளே இருக்கிறவனிடம் காரணம் கேட்காதே என்றேன்.

உன் வேலை உனக்கு இருக்கட்டும். நீ இப்போது மேற்பார்வை. அந்தப் பெரியவர் எத்தனை ஊர்த் தாளை வாசித்தார், அதில் எத்தனை பாதிக உன் கையில் பாதியாகிக் கிடக்கிறதோ. எந்தெந்த வீட்டில் எவன் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கல் நடக் கிளம்புகிறானோ. அவன் எதிர்வீட்டிலும் ஒரு கடப்பாரை சுவரில் சாய்ந்துதான் இருக்கும். அவர் தூங்கவில்லை என்று உன்னைத்தான் எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அவற்றைத் தேடு.

கையை உடைப்பேன் என்று எழுதியிருந்தேன். பயப்படாதே, உடைக்க மாட்டேன். வேறு கணக்கு வைத்திருக்கிறேன். நம் வீட்டில் எதையும் பங்கு பிரித்துத்தான் வழக்கம். இந்த நாலு வருஷத்தில் உனக்குப் பாதி வேண்டாம், பாதிக போதும். அது எவ்வளவு என்று இந்தத் தடவையாவது யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு எடுத்துக்கொள்.

இடுப்பு வலியைக் கவனி. இனி எழுத வேண்டாம்.

எல்லப்பன்